பச்சை, புழுங்கல், பூண்டு: ஒரு குன்னூர்க் கேள்வியின் சரித்திரம்

பூண்டைப் பச்சையாகத் தின்பது நல்லதா, வேகவைத்துத் தின்பது நல்லதா? வெங்காயத்தை அப்படியே கடிப்பதா, வதக்குவதா? இந்தக் கேள்வியை டாக்டரிடமும் கேட்கிறார்கள், சித்த வைத்தியரிடமும் கேட்கிறார்கள், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடமும் கேட்கிறார்கள். பதிலுக்கு ஒண்ணும் பஞ்சமில்லை. எனக்குப் பதில் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் கேள்வி. இது இந்த வடிவத்தில் எப்போது கேட்கக்கூடியதாயிற்று, யார் கேட்டார்கள், யாருடைய தட்டை முன்னால் வைத்துக்கொண்டு கேட்டார்கள்? இப்படிப் பின்னோக்கிப் போனால், தமிழகத்தைப் பொறுத்தமட்டில் நாம் போய்ச்சேரும் இடம் நீலகிரி. இன்னும் குறிப்பாக, குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் ஓர் அறை.

அதற்கு முன்னால் சொல்லைப் பார்த்துவிடலாம். தமிழில் 'பச்சை' என்பது வேகாதது என்ற பொருளோடு நிற்பதில்லை. பச்சைத்தண்ணீர், பச்சைப்புண், பச்சைப்பிள்ளை, பச்சைப்பொய் என்று அது நீள்கிறது. இன்னும் மூடாதது, ஆறாதது, திரை போடாதது என்ற அர்த்தங்கள் அதற்குள் கிடக்கின்றன. பிள்ளை பெற்றவளின் உடம்பைப் 'பச்சை உடம்பு' என்கிறோம். இந்தப் பச்சை உடம்புக்கு எந்த வீட்டிலும் பச்சைப்பூண்டு கொடுப்பதில்லை என்பது இங்கே கவனம் கொள்ளத்தக்கது. பூண்டைச் சுட்டுக் கொடுப்பார்கள், பாலில் வேகவைத்துக் கொடுப்பார்கள், நல்லெண்ணெயில் வதக்கிக் குழம்பு வைப்பார்கள், லேகியத்தோடு கிளறுவார்கள். ஆயுர்வேதக்காரர்கள் 'லசுன க்ஷீரபாகம்' என்று பெயர் வைத்திருப்பதும் பாலில் காய்ச்சிய பூண்டைத்தான். பச்சையான உடம்பை மூடுவதற்கு வெந்த பொருள் வேண்டும் என்பது இதற்குள் ஓடும் தர்க்கம். அதாவது பச்சையா வெந்ததா என்பது நம் வீடுகளுக்குப் புதுக் கேள்வி இல்லை. ஆனால் அங்கே அது 'எந்த உடம்புக்கு, எந்த நேரத்தில்' என்ற கேள்வியாக இருந்தது. அதை உடம்பிலிருந்து உருவி எடுத்து, 'எந்தப் பொருளில் எவ்வளவு' என்று மாற்றிப்போட ஒரு ஆய்வுக்கூடம் தேவைப்பட்டது.

நீலகிரியின் காய்கறி வரலாற்றைச் சொல்பவர்கள் வழக்கமாக ஜான் சல்லிவனில் தொடங்குவார்கள். கோயமுத்தூர் கலெக்டர் 1819-ல் மலையேறினார், கோத்தகிரிப் பக்கம் பங்களா கட்டினார், சீமைக் காய்கறி கொண்டுவந்தார், 1848-ல் மெக்ஐவர் வந்து ஊட்டியில் தாவரவியல் பூங்கா போட்டார் என்று கதை போகும். இந்தக் கதையில் மலையில் விளைவதெல்லாம் துரை கொண்டுவந்ததாகவே இருக்கும். பூண்டு விஷயத்தில் இது சரிப்பட்டு வராது. சல்லிவனுக்கு ஏழு வருஷம் முன்னால், 1812-ல், மலையைப் பார்த்துவர அனுப்பப்பட்ட சர்வேயர் வில்லியம் கீஸ் எழுதிய அறிக்கை, 1880-ல் கிரிக் தொகுத்த நீலகிரி மானுவலின் பின்னிணைப்பில் கிடைக்கிறது. மலையில் விளைபவை என்று அவர் தரும் பட்டியலில் கோதுமை, பார்லி, பட்டாணி, அபின், கடுகு, சிறுதானியங்களோடு பூண்டும் இருக்கிறது. படகர்களின் காட்டில் துரைகளுக்கு முன்பே முளைத்திருந்த செடி அது. இன்றைக்கும் கேரட், முட்டைக்கோஸ், பீட்ரூட்டை 'இங்கிலீஷ் காய்' என்கிறோம். பூண்டை யாரும் அப்படிச் சொல்வதில்லை. வழக்கு சில சமயம் ஆவணத்தை விட ஞாபகசக்தி உள்ளதாக இருக்கிறது.

குன்னூரில் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் 1907-ல் வெறிநாய்க்கடிக்கு வைத்தியம் பார்க்கத் திறக்கப்பட்டது. அங்கே 1918-ல் பெரிபெரி நோயை ஆராய வந்து சேர்ந்தவர் ராபர்ட் மெக்காரிசன். ஐரிஷ்காரர், இந்திய மருத்துவப் பணியில் ராணுவ டாக்டர், கில்கித்தில் ஏழெட்டு வருஷம் இருந்து ஹூன்ஸா மக்களின் தேக ஆரோக்கியத்தைக் கண்டு வியந்தவர். முதலில் அவர் கையில் எடுத்தது குரங்குகளை. சாப்பாட்டை ஆட்டோகிளேவில், அதாவது நீராவி அழுத்தத்தில், நன்றாக வேகவைத்துச் சத்தைக் கொன்றுவிட்டுக் குரங்குகளுக்குக் கொடுத்தார். அவற்றின் குடலும் இரைப்பையும் கெட்டன. இந்த முடிவுகள் 1919 முதல் அச்சில் வந்தன. 'வேகவைத்தால் சத்து போய்விடும்' என்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த வாக்கியத்துக்கு ஆதி ஊர்களில் ஒன்று குன்னூர். ஆட்டோகிளேவ் யாருடைய வீட்டிலும் இருந்த அடுப்பு இல்லை என்பது அந்த வாக்கியத்தில் விட்டுப்போயிற்று.

1923-ல் அரசாங்கம் சிக்கனம் என்று சொல்லி இந்த ஆராய்ச்சியை நிறுத்தியது. 1925-ல் மறுபடி தொடங்கியது. அதற்குப் பிறகு வந்தவைதான் புகழ்பெற்ற எலிகள். இந்தியாவின் பல 'இன'த்தாரின் சாப்பாட்டைத் தனித்தனிக் கூட்டமான எலிகளுக்குக் கொடுத்து எடை போட்டார் மெக்காரிசன். மேலே சீக்கியர், பட்டாணியர். அடியில் வங்காளி, அதற்கும் கீழே மதராஸி. பிரிட்டிஷ் ராணுவம் யாரை 'வீர இனம்' என்று ஆள் சேர்த்ததோ அவர்களின் எலி கொழுத்திருந்தது. யாரைக் கழித்துக்கட்டியதோ அவர்களின் எலி வற்றிப்போயிருந்தது. ஃபூக்கோவை இங்கே கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை, தராசே எல்லாவற்றையும் பேசிவிடுகிறது. ஆனாலும் ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். மெக்காரிசன் இந்த வித்தியாசத்துக்குக் காரணம் ரத்தம் என்று சொல்லவில்லை, சாப்பாடு என்றார். இனவாதத்தின் ஏணியை அப்படியே வைத்துக்கொண்டு, அது நின்றிருந்த தரையை மட்டும் மாற்றினார். இந்த இரட்டைத்தன்மையை விட்டுவிட்டு அவரைக் காலனியவாதி என்று ஒரே வீச்சில் முடிப்பதும், ஊட்டச்சத்தின் தந்தை என்று மாலை போடுவதும் சமமான சோம்பேறித்தனம்.

'சீக்கிய' எலியின் தட்டில் என்ன இருந்தது? முழுக்கோதுமைச் சப்பாத்தி, வெண்ணெய், பால், முளைகட்டிய பயறு, வாரம் ஒருமுறை கொஞ்சம் இறைச்சி, அதோடு பச்சையாக கேரட்டும் முட்டைக்கோசும். இதே மாதிரித் தீனியில் வளர்ந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட எலிகளிடம் இரண்டேகால் வருஷத்தில் நோயே தென்படவில்லை என்று எழுதினார். எதிர்ப்பக்கத்தில் அவர் வைத்தது பிரிட்டிஷ் ஏழையின் தட்டு: வெள்ளை ரொட்டி, மார்ஜரின், தகர டப்பா இறைச்சி, வேகவைத்த காய்கறி, பாலும் சர்க்கரையும் போட்ட டீ. இதைத் தின்ற எலிகள் குட்டையாகி, எரிச்சல் பிடித்து, பலவீனமானவற்றைக் கொன்று தின்னத் தொடங்கின. ஆய்வுக்கூடத்தைச் சுற்றி மலைச்சரிவு முழுக்கத் தேயிலை. அந்தச் சர்க்கரை டீக்குத் தேவையான இலையைப் பறித்துக்கொண்டிருந்தவர்கள் பட்டியலில் கடைசியில் இருந்த 'மதராஸி' சாப்பாட்டுக்காரர்கள். அறைக்கு உள்ளே டீ நோய்க் காரணம், வெளியே அதுவே ஜில்லாவின் பொருளாதாரம். இந்த முரண் அந்தக் கட்டுரைகளில் எங்கும் உரைக்கப்படவில்லை.

'பச்சை' இப்படி வைட்டமினின் மறுபெயராயிற்று. ஆனால் அதே குன்னூரில், அதே ஆட்களின் கையில், இதற்கு நேர்மாறான ஒரு முடிவும் வந்தது. அது ஏனோ நம் பொதுப்புத்தியில் தங்கவில்லை. பெரிபெரி வடசர்க்கார் ஜில்லாக்களில், அதாவது ஆந்திரக் கடலோரத்தில், இருந்தது. அங்கே மில்லில் தீட்டிய பச்சரிசி சாப்பிட்டார்கள். அரிசியே கதி என்று கிடந்த தமிழ் ஜில்லாக்களில் அந்த நோய் அப்படி இல்லை. இங்கே புழுங்கலரிசி. நெல்லை ஊறவைத்து, ஆவியில் வேகவைத்து, காயப்போட்டுப் பிறகு குத்தும்போது, தவிட்டில் உள்ள பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிக்கொள்கிறது. மில் அதைச் சுரண்டி எடுக்க முடிவதில்லை. 1935-ல் மெக்காரிசனுக்குப் பிறகு இயக்குநராக வந்த அக்ராய்டும் அவர் சகாக்களும் 1940 வாக்கில் இதைத் துல்லியமாக எழுதிவைத்தார்கள். இங்கே சத்தைக் காப்பாற்றியது வேகவைத்தல். பச்சையாக விட்டதில்தான் போயிற்று.

பச்சரிசி, புழுங்கல் என்ற இருமை எதைக் குறித்தது என்று தமிழ் வாசகருக்கு விளக்கவேண்டியதில்லை. கோயில் நைவேத்தியத்துக்கும் அக்ரகாரத்துக்கும் பச்சரிசி. புழுங்கல் ஒருமுறை வெந்தது, யார் வேகவைத்தார்களோ என்ற சந்தேகம் ஒட்டியது, அதனால் ஒருபடி கீழ். வேலை செய்கிறவனின் அரிசி அது. ஆக சாதியின் அகராதியில் பச்சை என்றால் சுத்தம். ஆய்வுக்கூடத்தின் அகராதியில் பச்சை என்றால் சத்து. வெவ்வேறு இடத்திலிருந்து புறப்பட்ட இந்த இரண்டும் பிற்பாடு 'சாத்வீக உணவு', 'இயற்கை உணவு' என்ற பெயர்களில் சந்தித்துக் கைகுலுக்கிக்கொண்டன. லெவிஸ்ட்ராஸ் 1964-ல் பச்சையையும் சமைத்ததையும் எதிரெதிரே வைத்து இயற்கைக்கும் பண்பாட்டுக்கும் எல்லை கிழித்தார். நம் ஊரில் பச்சையே பண்பாட்டின் உச்சாணிக் கொம்பில் உட்கார்ந்திருக்கிறது. அவருடைய எல்லைக்கோடு இங்கே சாதி வழியாகத்தான் போகமுடியும்.

பூண்டும் வெங்காயமும் இந்தக் கைகுலுக்கலைக் கெடுக்கிற பண்டங்கள். பச்சையாகத் தின்றாலும் சரி, வேகவைத்துத் தின்றாலும் சரி, மனுஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயம் அவற்றை இருபிறப்பாளருக்கு விலக்குகிறது. ஐந்தாம் நூற்றாண்டில் வந்த பாகியான், மத்திய தேசத்தில் சண்டாளரைத் தவிர யாரும் வெங்காயம் பூண்டு தின்பதில்லை என்று எழுதினார். அதே காலத்தை ஒட்டிய மருத்துவ நூல்களோ பூண்டைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகின்றன. 1890-ல் குச்சாவில் கிடைத்த பௌவர் சுவடியில் பூண்டுக்கே தனிப் பகுதி இருக்கிறது. அதில் ஒரு வழி சொல்லப்படுகிறது: பசுவை மூன்று நாள் பட்டினி மாதிரி போட்டு, பிறகு புல்லோடு பூண்டுத்தாளைக் கலந்து தின்னக்கொடுத்து, அந்தப் பசுவின் பாலையும் தயிரையும் நெய்யையும் பிராமணன் சாப்பிடலாம். பச்சையும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம், மாட்டின் வயிறே சமையற்கட்டு. மருந்து வேண்டும், தீட்டு வேண்டாம் என்றால் இப்படித்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. பூண்டு சேர்க்காத வீடுகளில் ரசத்தில் விழும் பெருங்காயமும் கந்தகக் கூட்டுப்பொருள்களால் மணப்பதுதான். வேதியியலின் கண்ணில் அது பூண்டுக்குத் தூரத்து உறவு. காளமேகம் சிலேடை பாடிய வெங்காயம், பெரியார் வாயில் எல்லாப் புனிதத்துக்கும் பதில்சொல்லாக மாறியது சும்மா நடந்த விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. உரித்தால் ஒன்றுமில்லை என்பதோடு, யார் உரிக்கக்கூடாது என்பதும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

சரி, ஆய்வுக்கூடம் இன்று பூண்டைப் பற்றி என்ன சொல்கிறது? இதில் எனக்குப் பிடித்த விஷயம், பச்சையா வெந்ததா என்ற இருமையையே அது உடைத்துப்போடுவது. முழுப்பல்லில் அலிசின் கிடையாது. அலின் என்ற பொருள் செல்லில் ஓரிடத்தில், அதை மாற்றும் அலினேஸ் நொதி வேறிடத்தில். நசுக்கும்போதுதான் இரண்டும் கலந்து, சில நொடிகளில் அந்த நெடி பிறக்கிறது. கிருமியைக் கொல்லும் அந்த அலிசினை 1944-ல் அமெரிக்காவில் காவலிட்டோவும் பெய்லியும் பிரித்தெடுத்தார்கள். நொதி சூட்டில் செத்துவிடும். ஆகவே முழுப்பல்லைக் கொதிக்கிற குழம்பில் போட்டால் அலிசின் பிறக்க வழியில்லை. வெறும் வயிற்றில் முழுப்பல்லைத் தண்ணீரோடு விழுங்குகிறவர்களுக்கும் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. இரைப்பையின் அமிலம் அதே நொதியை முடக்கிவிடுகிறது. நசுக்கிப் பத்து நிமிஷம் சும்மா வைத்துவிட்டுப் பிறகு அடுப்பில் போட்டால் பயனில் ஒரு பகுதி தங்குகிறது என்று 2001-ல் எலிகளை வைத்து அமெரிக்காவில் காட்டினார்கள். முன்னால் அம்மியில் தட்டி வைத்துவிட்டு, அடுப்பு பற்றுகிறவரை வேறு வேலை பார்த்த பாட்டிக்கு இது தெரிந்து செய்ததா என்றெல்லாம் நான் ஜம்பம் பேசமாட்டேன். அடுப்பு பற்ற நேரமாயிற்று, அவ்வளவுதான். வெந்த பூண்டு வெறும் சக்கை என்பதும் இல்லை. எண்ணெயில் வதங்கும்போது அலிசின் வேறு கந்தகப் பொருள்களாக மாறுகிறது, அவற்றுக்கும் வேலை உண்டு. வெங்காயத்தின் குவெர்செட்டினும் சூட்டுக்கு அவ்வளவாக அசையாது, தண்ணீரில் வேகவைத்தால் தண்ணீருக்குள் இறங்கிவிடும். தண்ணீரைக் கொட்டாத சாம்பாரில் நஷ்டம் குறைவு.

பலன் என்று வரும்போது குரலைத் தாழ்த்தவேண்டியிருக்கிறது. 2007-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் மிதமாகக் கொழுப்பு ஏறிய 192 பேரிடம் ஆறு மாதம் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பச்சைப்பூண்டு, இரு பிரிவுக்குப் பூண்டு மாத்திரைகள், இன்னொன்றுக்குப் போலி மாத்திரை. கெட்ட கொழுப்பு எதிலும் குறையவில்லை. ரத்த அழுத்தத்தில் சிறு இறக்கம் சில ஆய்வுகளில் தெரிகிறது, மாத்திரையைத் தூக்கி எறிகிற அளவுக்கு இல்லை. 2020-ல் கொரோனாவுக்குப் பூண்டு என்று ஊரெல்லாம் கிளம்பியபோது உலக சுகாதார நிறுவனம் அதற்கு ஆதாரமில்லை என்று சொல்லவேண்டி வந்தது.

கெடுதல் பக்கமும் பேசப்படவேண்டும், 'இயற்கை' என்றால் அப்பாவி என்று நினைப்பதால்தான் அது பேசப்படாமல் போகிறது. பச்சைப்பூண்டு வெறும் வயிற்றை எரிக்கும். அரைத்துத் தோலில் கட்டினால் கொப்புளம் போடும். குழந்தைகளின் தோல் வெந்துபோனது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்களும் ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்களும் அளவை மீறக்கூடாது, டாக்டரிடம் சொல்லவும் வேண்டும். 1999-ல் உலக சுகாதார நிறுவனம் போட்ட கணக்கு நாளைக்கு 2 முதல் 5 கிராம் பச்சைப்பூண்டு, அதாவது ஒன்றிரண்டு பல். பச்சைப்பூண்டை நறுக்கி எண்ணெயில் போட்டு வெளியே வைப்பது இவை எல்லாவற்றையும் விட ஆபத்து. காற்று புகாத, புளிப்பில்லாத அந்த எண்ணெய்க்குள் பாட்டுலிசம் கிருமி விஷம் சுரக்கும். 1985-ல் கனடாவின் வான்கூவரில் ஒரே உணவகத்தின் பூண்டெண்ணெயால் 36 பேர் விழுந்தார்கள். நம் பூண்டு ஊறுகாயில் புளியும் எலுமிச்சையும் உப்பும் காரணத்தோடு இருக்கின்றன. 'ஆர்கானிக்' என்ற சீட்டு ஒட்டி அவற்றை எடுத்துவிட்ட பாட்டில்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருக்கிறது. வெங்காயத்திலும் பயமில்லாமல் இல்லை. 2020-லும் 2021-லும் அமெரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் படுக்கப்போட்ட சால்மொனெல்லா வெங்காயத்தில் வந்ததுதான். வெந்திருந்தால் வந்திருக்காது.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுக்குப் போகலாம். அங்கே பச்சை வெங்காயம் தினமும் கடிக்கப்படுகிறது, பழைய சோற்றோடு. 'தொட்டுக்க ஒண்ணுமில்ல, ரெண்டு வெங்காயத்த உரி' என்பதுதான் பேச்சு. இது வைட்டமினும் இல்லை, விரதமும் இல்லை. காலையில் காட்டுக்குள் இறங்கவேண்டிய பெண்ணுக்கு அடுப்பு மூட்டிக் குழம்பு வைக்க நேரம் கிடையாது. லெவிஸ்ட்ராஸ் பிற்பாடு வரைந்த முக்கோணத்தின் மூன்று முனைகளான பச்சை, வெந்தது, அழுகியது (அல்லது புளித்தது) ஆகிய மூன்றும் இந்த ஒரு தட்டில் இருக்கின்றன: வெங்காயம், சோறு, நீராகாரம். அவர் தொன்மத்தில் தேடியதை இங்கே வேலை நேரம் செய்து முடித்திருக்கிறது. 1964 ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டு, 1968-ல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்கள் இந்த மலைக்குச் சம்பலைக் கொண்டுவந்தார்கள். தேங்காயும் மிளகாயும் சின்ன வெங்காயமும் இடித்தது, அடுப்பே வேண்டாம். பூண்டை 'உள்ளி' என்கிற இலங்கை வழக்கும் அவர்களோடு வந்து, கன்னடத்தின் 'பெள்ளுள்ளி'க்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. நீலகிரியின் எழுதப்பட்ட உணவு வரலாற்றில் சீமைக் காய்கறிக்குக் கிடைத்த இடத்தில் இந்தச் சம்பலுக்கு ஒரு மூலையாவது கொடுக்கலாம்.

1937-ல் குன்னூரிலிருந்து வந்த 23-ஆம் எண் சுகாதார வெளியீடு இந்திய உணவுகளின் சத்தைக் கட்டம் போட்டு அச்சிட்டது. வெங்காயத்துக்கு வரி உண்டு, பூண்டுக்கு வரி உண்டு. நூறு கிராமில் இவ்வளவு புரதம், இவ்வளவு சுண்ணாம்பு. கணக்கு பெரும்பாலும் வேகாத பொருளுக்கு. நூறு கிராம் பூண்டை யார் தின்பது? 1958-ல் அந்த ஆய்வுக்கூடம் ஐதராபாத்துக்குக் குடிபோயிற்று. கட்டங்களும் கூடவே போயின, இன்றைக்கும் புதுப்பிக்கப்படுகின்றன. பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் சிம்ஸ் பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பூங்காவில் பழக்கண்காட்சிக்கு வருகிறவர்கள் எலியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

மலையில் பூண்டு இன்னும் விளைகிறது. கோத்தகிரியிலும் ஊட்டியிலும் குந்தாவிலும் போகத்துக்குப் போகம் பிடுங்கிக் காயவைத்து, மூட்டை கட்டி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்குகிறார்கள். அங்கே ஏலம் கேட்பவர்களில் வடக்கத்தி வியாபாரிகள் அதிகம், அவர்கள் தின்பதற்கு வாங்குவதில்லை, விதைக்கு வாங்குகிறார்கள். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் இமாசலத்திலும் அது மறுபடி மண்ணுக்குள் போகும். 2024 தொடக்கத்தில் சில்லறையில் பூண்டு கிலோ 400 ரூபாயைத் தாண்டியது. விதைக்கு ஆகிற பருத்த பூண்டு லாரியில் ஏறிவிட்ட பிறகு, பொடிப்பல் சந்தையில் கூறாக மிஞ்சுகிறது. சம்பள நாளில் லைன் வீட்டுப் பெண்கள் பேரம் பேசி வாங்கிப்போவது அந்தக் கூறைத்தான்.